வட்டக்களரியும் படச்சட்ட மேடையும்: கிழக்கிலங்கை ஆட்டங்களில் வெளியும் அணியமைப்பும்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே போனால், உப்புவெளி தாண்டிச் சிறிது தூரத்தில் சாம்பல்தீவு வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. பக்கத்து ஊரான சல்லியில் கடலோரமாக இருக்கும் அம்மன் கோயிலின் பொங்கலுக்குச் சுற்றுவட்டாரமே திரளும். இந்த ஊர்களில் ஆட்டம் நடக்கும் நிலங்கள் மூன்று: கோயில் வீதி, பாடசாலை மண்டபத்து மேடை, திறந்த மணல்வெளி. கோயிலில் காவடி வீதி நெடுக நகர்கிறது. கும்மி வட்டமாகச் சுற்றுகிறது. அதே பிள்ளைகள் பாடசாலை மேடையில் குழு நடனம் ஆடும்போது வரிசை கட்டி, நடுவர் மேசையைப் பார்த்து நிற்கிறார்கள். காலடியும் தாளமும் பெரிதாக மாறுவதில்லை. பார்க்கும் கண் இருக்கும் இடம் மாறுகிறது. அது மாறியதும் ஆட்டத்தின் உருவமே வேறாகிவிடுகிறது.

ஆட்டங்களைப் பற்றி எழுதும் நம்மவர் தாளக்கட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பாட்டு, உடுப்பு, முத்திரை, கதை பற்றியும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆடுபவர் எங்கே நிற்கிறார், யாருக்கு முகம் காட்டுகிறார், இருவருக்கு இடையே விடப்பட்ட இடைவெளி என்ன செய்கிறது என்பவை பெரும்பாலும் 'மேடை ஒழுங்கு' என்ற ஒற்றைத் தலைப்புக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் ஈழத்துக் கூத்தைப் பற்றி அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் பெரிய விவாதமே வெளியைப் பற்றியதுதான். வட்டத்தில் ஆடியதை, பார்வையாளர் ஒரு பக்கம் மட்டும் அமரும் படச்சட்ட மேடையின் சட்டகத்துக்குள் கொண்டுவரலாமா? கொண்டுவந்தபோது எது கூடியது, எது போயிற்று? அந்த விவாதத்தையும், உலகின் சமகால நடனம் இதே கேள்விக்குத் தேடிய விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். முடிபை முதலிலேயே சொல்லிவிடலாம்: கிழக்குக்கென ஒரு சமகால நடனம் உருவாக வேண்டுமானால், அடவையும் உடுப்பையும் மாற்றுவதற்கு முன்னர் அது எந்த நிலத்தில் ஆடப்படப்போகிறது என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

வட்டம், பின்னல், பாதை

ஊர் ஆட்டங்களுக்கு வெளி பற்றிய அறிவு இல்லை என்று நினைப்பது தவறு. அந்த அறிவு ஏட்டில் எழுதப்படாமல் காலில் இருக்கிறது.

கும்மியில் ஆடுவோர் எல்லாரும் உள்நோக்கி நிற்கிறார்கள். பார்ப்பவருக்குத் தெரிவது பெரும்பாலும் முதுகும் பக்கவாட்டுத் தோற்றமும்தான். ஆட்டம் பார்ப்பவருக்காக அமைந்ததல்ல, ஆடுவோர் ஒருவருக்கொருவர் ஆடிக்கொள்வது. வட்டத்தில் முதலிடம், கடையிடம் கிடையாது. ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தால் வட்டம் சற்று விரியும், ஒருவர் விலகினால் சுருங்கும்; அணி குலைவதில்லை.

மட்டக்களப்புப் பக்கம் வேரூன்றிய வசந்தன் கூத்தில் வட்டத்துக்குள் இன்னொரு கணக்கு சேர்கிறது. ஆடுவோர் கோல்களை ஏந்தி, சோடி மாறி மாறி அடிக்கும்போது ஒவ்வொருவரும் ஒருமுறை உள்ளே, ஒருமுறை வெளியே எனத் திரும்ப வேண்டியிருக்கிறது. தி. சதாசிவ ஐயர் 1940இல் வெளியிட்ட வசந்தன் கவித்திரட்டு இவ்வாட்டத்தின் பாடல்களைக் காப்பாற்றித் தந்தது. ஆடும் பாதைகள் ஆட்டம் பழக்கும் அண்ணாவிமாரின் நினைவிலும் பிள்ளைகளின் கால்களிலும் தங்கின.

பின்னல் கோலாட்டம் இதைவிட நுட்பமானது. நடுவில் நிற்கும் கம்பத்தின் உச்சியிலிருந்து தொங்கும் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, உள்ளும் வெளியுமாக ஒருவரையொருவர் கடந்து ஆட ஆட, கயிறு பின்னலாக இறங்கும். பின்பு அதே பாதையில் எதிர்த்திசையில் ஆடி அதை அவிழ்க்க வேண்டும். ஒருவர் ஓரடி பிசகினாலும் பின்னலில் அது தெரிந்துவிடும். ஆடியவர் நடந்த பாதை கண்முன்னே பதிவாகி நிற்கும் இப்படிப்பட்ட ஆட்டம் உலகில் சிலவே. நடனப் பாதையைக் காகிதத்தில் எழுத மேற்கில் பல குறியீட்டு முறைகள் தோன்றின. நமக்கு அந்த வேலையைக் கயிறே செய்திருக்கிறது.

காவடிக்கு வட்டமும் இல்லை, மேடையும் இல்லை, பாதைதான் உண்டு. நகர்வதும் நிற்பதும், சந்தியில் சுழல்வதும், கோயில் வாசலில் உச்சமடைவதும் அதன் அமைப்பு. பார்ப்பவர் வீதியோரத்தில் நிற்கலாம், கூடவே நடக்கலாம். ஆட்டத்தின் முழுமையை ஒருவரும் பார்ப்பதில்லை. அவரவர் வாசலுக்கு வந்த பகுதி அவரவருக்கு.

ஆக, சாம்பல்தீவுப் பிள்ளை ஒருத்தி நடன வகுப்புக்குள் கால் வைப்பதற்கு முன்பே உள்நோக்கிய வட்டம், நீளப் பாதை ஆகிய இரண்டையும் உடலில் அறிந்திருக்கிறாள். முன்னோக்கி நிற்கும் வரிசைதான் அவளுக்குப் புதியது.

களரியின் கணக்கு

கூத்துக் களரி இவற்றுள் மிகவும் வளர்ச்சியடைந்த வடிவம். திருகோணமலை மாவட்டத்தில் துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரப் பகுதியின் மூதூர், சம்பூர், சேனையூர், கட்டைபறிச்சான் ஊர்களும், மட்டக்களப்பில் பல ஊர்களும் கூத்து மரபைப் பேணியவை. திறந்த வெளியில் மண்ணைக் குவித்து வட்டமாகச் சற்று உயர்த்தி, சுற்றிவரக் கம்பு நட்டு, மேலே துணி கட்டி அமைப்பது வட்டக்களரி. முன்பு பந்தங்களும் பின்பு பெற்றோமாக்ஸ் விளக்குகளும் சுற்றிவர ஒளி தந்தன. பார்ப்போர் எல்லாப் பக்கமும் இருப்பர்.

இந்த அமைப்பின் உயிர் நடுவில் இருக்கிறது. மத்தளத்தோடு அண்ணாவியாரும், தாளக்காரரும், பிற்பாட்டுக்காரரும் களரியின் மையத்தில் நிற்க, கூத்தர்கள் அவர்களைச் சுற்றி ஆடுவர். இசை பின்னணியாக ஒதுங்கி நிற்காமல் அச்சாக நிற்கிறது. கூத்தருக்கும் மத்தளத்துக்கும் உள்ள தூரம் ஆட்டம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே காதும் காலும் விலகுவதில்லை. அண்ணாவியார் கூத்தரின் களைப்பைப் பார்த்து வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

இங்கே முன்பக்கம் என்று ஒன்று இல்லை. அரசன் வரவு ஆடும்போது நாலு திசைக்கும் தன்னைக் காட்டியாக வேண்டும். ஒரே பாட்டை ஒவ்வொரு பக்கமும் திரும்பிப் பாடுவதும், வரவு ஆட்டத்தை வட்டம் முழுதும் சுற்றி ஆடுவதும் இதனால் வந்தவை. கூத்தின் இரு மோடிகளுள் ஒன்றான வடமோடியின் ஆட்டக் கோலங்களைப் பாருங்கள்: வட்டமாகச் சுற்றுதல், எட்டுப் போடுதல், வீசாணம், பொடியடி, குத்துமிதி, பாய்ச்சல். இவற்றுள் எட்டுப் போடுதல் இருவர் ஒருவரையொருவர் ஊடறுத்துச் செல்லும் பாதை. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் யாரோ ஒருவரின் முகம் தெரியும். மற்றவரின் முதுகு தெரியும். போர்க் காட்சியில் எதிரிகள் இருவர் வட்டத்தின் எதிரெதிர்ப் புள்ளிகளில் நின்று சுழல்வது, அவர்களுக்கிடையே அண்ணாவியார் மத்தளம் கொட்டுவது ஆகியவற்றால் பகை ஒரு தூரமாகவே கண்ணுக்குத் தெரிகிறது.

உடுப்பும் இந்த வெளிக்கேற்ப அமைந்ததுதான். வடமோடியின் விரிந்த கரப்புடுப்பும் உயர்ந்த முடியும் நாலாபுறமும் ஒரே தோற்றம் தருபவை. முகபாவத்தின் நுணுக்கம் தொலைவில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் சுழலும் உடுப்பின் உருவம் தெரியும். தென்மோடியில் உடுப்பு இலேசானது, பாட்டு நீண்டு இழைவது. அங்கே சுழற்சியைவிட நின்று பாடும் நேரம் முக்கியமாகிறது. இரு மோடிகளின் வேறுபாட்டைப் பேசுவோர் கதையையும் இராகத்தையும் சொல்வதோடு நிறுத்தாமல், வெளியை அவை கையாளும் விதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த வட்டத்தைத் தனியே எடுத்துப் போற்றிவிடவும் முடியாது. சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம், பின் வீட்டுக்கு வீடு ஆடுதல் என மாதக்கணக்கில் நீளும் ஊர் வாழ்க்கையோடு அது ஒட்டியது. அதே ஊர் வாழ்க்கையில் யார் அரசனாக ஆடலாம், யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதில் சாதியும் செல்வாக்கும் நுழைந்தன. பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடினர். எல்லாப் பக்கமும் பார்வையாளர் உள்ள களரியில் பெண் பார்வையாளராக மட்டுமே இருந்தாள். வட்டம் தன்னளவில் சமத்துவம் தந்துவிடும் என்ற பேச்சுக்கு இது போதிய மறுப்பு.

1960கள்: வட்டம் சட்டகத்துக்குள் புகுந்த கதை

1956இல் எதிரிவீர சரச்சந்திராவின் 'மனமே' சிங்கள அரங்கைப் புரட்டிப் போட்டது. நாடகம என்ற மரபுவழி ஆடல்பாடல் வடிவத்தை அவர் நகரத்து மேடைக்குக் கொணர்ந்தார். அந்த நாடகம வடிவமே தமிழ்க் கூத்தோடு உறவுடையது. அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் அதே வகையில் தமிழ்க் கூத்தை எடுத்தார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் போன்றோரிடம் மாணவர்களைப் பயிற்றுவித்து, கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964) முதலியவற்றை மேடையேற்றினார். இராவணேசனில் இராவணனாக ஆடியவர், அப்போது மாணவராக இருந்த சி. மௌனகுரு. பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்தவரும் அவரே.

இம்முயற்சி பற்றி வழமையாகச் சொல்லப்படுவது, விடிய விடிய ஆடிய கூத்தை ஓரிரு மணி நேரத்துக்குச் சுருக்கினார் என்பது. நேரம் சுருங்கியது உண்மை. அதைவிட ஆழமான மாற்றம் வெளியில் நடந்தது. பார்வையாளர் மூன்று பக்கங்களிலிருந்து நீக்கப்பட்டு ஒரு பக்கத்தில் அமர்த்தப்பட்டனர். அண்ணாவியாரும் மத்தளமும் நடுவிலிருந்து மேடையின் ஓரத்துக்குப் போயினர். சுற்ற அச்சு இல்லாத சுழற்சி பொருளிழந்தது. எனவே வட்டங்கள் அரைவட்டமாகவும், மூலைவிட்டப் பாதைகளாகவும், முன்னோக்கிய நேர்கோடுகளாகவும் மாறின. நாலு திசைக்கும் பாடிய பாட்டு ஒருமுறை பாடினால் போதும் என்றாயிற்று. நேரம் சுருங்கியதற்கு வெட்டுமட்டும் காரணமல்ல, திசைகள் குறைந்ததும் ஒரு காரணம்.

இழப்பை மட்டும் கணக்கெடுப்பது நேர்மையாகாது. படச்சட்ட மேடை கூத்துக்குச் சில புதிய ஆற்றல்களைத் தந்தது. மேடையின் பின்மூலையிலிருந்து முன்மூலைக்கு வரும் ஒருவரின் வருகை பார்வையாளருக்கு நெருங்கி நெருங்கிப் பெரிதாகும். வட்டத்தில் அது இயலாது. ஒளியைக் குவித்து ஒருவனைத் தனியனாக்கலாம். படைத் திரளை ஒரு பக்கமும் தனி வீரனை மறுபக்கமும் நிறுத்தி எடையை ஏற்றத்தாழ்வாக்கலாம். தோற்கப்போகும் இராவணனின் மனம் என்ற உள்முகப் பொருளை எடுத்துக்கொண்டபோது, இந்தத் தனிமைப்படுத்தும் ஆற்றல் மௌனகுருவுக்குப் பயன்பட்டிருக்கிறது. கூத்து கிராமத்துப் பொழுதுபோக்கு என்ற எண்ணம் மறைந்து, பல்கலைக்கழகமும் நகர மண்டபங்களும் அதைக் கலையாக ஏற்றதற்கு இந்த மேடையேற்றங்களே வழிவகுத்தன.

தெற்கில் நடந்ததும் இதற்கு இணையானது. சடங்குக் களத்தில் ஆடப்பட்ட கண்டிய நடனத்தைச் சித்ரசேனவும் வஜிராவும் மேடைக்கு உரியதாக்கினர். 1961இல் சித்ரசேன படைத்த 'கரதிய' மீனவர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட ஆடல் நாடகம். கரைவலை இழுக்கும் ஊர்களில் உடல்கள் ஒரே கயிற்றில் வரிசையாகச் சாய்ந்து, ஒரே மூச்சில் பின்வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு, அணியமைப்பு என்பது நடன ஆசிரியர் கண்டுபிடித்ததல்ல, உழைப்பு கண்டுபிடித்தது என்பது விளங்கும்.

முன்பக்கத்தை உடைத்தவர்கள்

நாம் வட்டத்தைச் சட்டகத்துக்குள் திணித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மேற்கில் சட்டகத்தை உடைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. இந்த முரண் கவனிக்கத்தக்கது.

அதற்கு முந்திய தலைமுறை மேடைவெளியின் இலக்கணத்தை எழுதியது. ருடோல்ஃப் லாபன் உடலைச் சுற்றிக் கைகால் எட்டும் தூரத்தை ஒரு கோளமாகக் கண்டு, அசைவுகளின் திசைகளை வகுத்தார். அமெரிக்காவில் டோரிஸ் ஹம்ஃபிரி மேடையின் எந்த இடம் வலியது, எது மெலியது என்று விளக்கினார். நடு மிக வலியது, மூலைவிட்டப் பாதைக்குத் தனி வலு உண்டு என்பன போன்ற அவருடைய பாடங்கள் 1959இல் நூலாக வந்தன. இன்று நம் நடன ஆசிரியர்கள் அறிந்தோ அறியாமலோ பின்பற்றுவது இந்த இலக்கணத்தைத்தான்.

மெர்ஸ் கன்னிங்ஹாம் அதை மறுத்தார். வெளியில் நிலையான புள்ளி கிடையாது என்ற ஐன்ஸ்டைனின் கருத்தை அவர் நடனத்துக்கு எடுத்துக்கொண்டார். நடு என்ற சிறப்பிடம் போயிற்று. ஒவ்வொருவரும் எத்திசையும் நோக்கலாம். எங்கே பார்ப்பது என்பதைப் பார்வையாளரே தீர்மானிக்கட்டும் என்றார். 1964இல் வியன்னாவில் அருங்காட்சியகம் ஒன்றில் ஆடியதிலிருந்து, மேடையல்லாத இடங்களுக்கென்றே தம் ஆட்டங்களைக் கலைத்து அடுக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். டிரிஷா பிரவுன் 1970இல் ஓர் ஆளைக் கட்டடச் சுவரின் மேலிருந்து கீழே நடக்கவிட்டார். 1971இல் நியூயோர்க்கின் மொட்டை மாடிகளில் ஆட்களை நிறுத்தி ஓர் அசைவைக் கூரைக்குக் கூரை கடத்தினார். பெல்ஜியத்தின் ஆன் தெரேசா த கீர்ஸ்மேக்கர் தம் 1982ஆம் ஆண்டுப் படைப்பான 'ஃபாஸ்' என்பதன் ஒரு பகுதியை 2011இல் நியூயோர்க் அருங்காட்சியகத்தில் மணல் பரப்பி ஆடினார். வட்டமும் ஆரைகளுமாக அவர் ஆடிய பாதை மணலில் பூப்போலப் பதிந்தது. பார்ப்போர் சுற்றி நின்றனர். மணலும் வட்டமும் சுற்றி நிற்கும் சனமும் நிலாவெளிக் கரைக்காரருக்கு அந்நியமானவையா?

தமிழ்ச் சூழலில் இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பியவர் சென்னையின் சந்திரலேகா (1928–2006). பரதநாட்டிய மேடையிலிருந்து நெடுங்காலம் விலகியிருந்து, 1985இல் 'அங்கிகா' மூலம் குழு ஆட்டத்தோடு வந்தார். பரதம், களரிப்பயிற்று, யோகம் மூன்றையும் ஒரே தளத்தில் வைத்தார். பரதநாட்டியம் தனியாள் ஆட்டமாக வளர்ந்தது. அரைமண்டி முன்னோக்கி அமைந்தது. அபிநயத்துக்கு முகம் தெரிய வேண்டும். அதைக் குழுவாக்கும் பலர் ஒரே அடவைப் பத்துப் பேருக்குப் பெருக்கிவிடுவார்கள். சந்திரலேகா பெருக்கவில்லை. உடல்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை வடிவமாக்கினார். 'யந்திரா' முதல் 'சரீரா' (2001) வரை முக்கோணமும் கோடும் சாய்வும் தரையோடு கிடத்தலும் பொருள் சொல்பவையாயின. பெசன்ட் நகர்க் கடற்கரையருகே அவர் வாழ்ந்த 'ஸ்பேசஸ்' வளாகத்தின் திறந்தவெளி அரங்கும் இந்தச் சிந்தனையின் தொடர்ச்சியே.

இலண்டனில் ஷோபனா ஜெயசிங் 1988இல் 'கன்ஃபிகரேஷன்ஸ்' படைப்பில் பரத அடவுகளைப் பல உடல்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒருவர் தொடங்கியதை மற்றவர் குறுக்கே வந்து முடிக்கும்படி செய்தார். சந்திரலேகாவிடம் ஆடிய பத்மினி செட்டூர் 2012இல் 'வால் டான்சிங்' என்ற நீண்ட ஆட்டத்தைச் சுவர்களைச் சார்ந்து அமைத்தார். பார்ப்போர் தம் இடத்தைத் தாமே தேர்ந்துகொண்டு நடமாடலாம்.

இவர்கள் எல்லாரும் நீண்ட உழைப்பின் பின் எட்டிய இடத்தில் ஊர்க்களரி ஏற்கெனவே நின்றது என்று பெருமை பேசுவது எளிது. அது பாதி உண்மை. களரியில் முன்பக்கம் இல்லை. ஆனால் அங்கே மையம் உறுதியாக உண்டு, பாதைகள் விதிக்கப்பட்டவை, பாத்திரங்களுக்கு வரிசை உண்டு. கன்னிங்ஹாம் மையத்தையே கேள்விக்குள்ளாக்கினார். இரண்டும் வட்டமாகத் தெரிந்தாலும் பின்னாலுள்ள எண்ணம் வேறு. களரியிலிருந்து சமகால நடனம் பெறவேண்டியது வட்டம் என்ற வடிவம் மட்டுமல்ல. எல்லாப் பக்கமும் உயிரோடிருக்கும் உடல், ஆட்டத்தின் நடுவே நிற்கும் இசை ஆகிய இரண்டு ஒழுக்கங்களையும் சேர்த்துப் பெற வேண்டும்.

வட்டத்துக்குத் திரும்புதல்

மேடையேற்றிய கூத்து நகரத்துக்குச் சென்றுவிட்டது, ஊர்க் கூத்து அதனால் என்ன பெற்றது என்ற கேள்வியை 2000களின் தொடக்கத்தில் உரக்கக் கேட்டவர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கர். மட்டக்களப்பின் சீலாமுனையில் ஊர்க் கூத்தர்களோடு சேர்ந்து அவர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், களரியை விட்டு மேடைக்கு வருவதை மறுத்தது. கூத்தை அதன் நிலத்திலேயே வைத்துக்கொண்டு, ஆடுவோரும் பார்ப்போரும் கலந்து பேசிக் கதையிலும் பாத்திரங்களிலும் உள்ள சாதி, பால் ஏற்றத்தாழ்வுகளை மாற்றுவது அதன் வழி. வடிவம் ஊருக்குரியது, மாற்றும் உரிமையும் ஊருக்குரியது என்பது அதன் நிலைப்பாடு.

மௌனகுரு வழியினர் இதற்குச் சொல்லும் பதிலும் வலுவானது. மரபு எந்தக் காலத்திலும் ஒரே இடத்தில் நின்றதில்லை. நவீன மேடையின் மொழியைக் கற்ற இளைஞர்களுக்குக் கூத்தின் ஆட்டத்தை அந்த மொழியிலும் தர வேண்டும். இராவணேசனைப் பின்னாளில் பல்கலைக்கழக மாணவர்களின் பெரும் குழுவோடு மௌனகுரு மீண்டும் தயாரித்ததும் அந்த நம்பிக்கையில்தான். இன்று மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பெண்களும் கூத்தாடப் பயில்கிறார்கள். இது இரு தரப்பின் உழைப்புக்கும் கிடைத்த விளைவு.

இரண்டு நிலைப்பாடுகளையும் எதிரெதிரே நிறுத்துவதால் பயனில்லை என்பது என் கணிப்பு. ஒன்று சமூகத்தின் கேள்வி, மற்றது கலைமொழியின் கேள்வி. ஆனால் இருவருக்கும் பொதுவான ஓர் அடிப்படை இருக்கிறது: ஆட நிலம் வேண்டும். போர் அதையே பறித்தது. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் தம் நிலத்துக்குத் திரும்பத் தொடங்க 2015 வரை காத்திருந்தனர். முகாமில் பாட்டைப் பாடலாம். மாதக்கணக்கில் களரி போட்டுக் கூத்துப் பழக்க முடியாது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை சாம்பல்தீவு, சல்லி, நிலாவெளிக் கரைகளையும் அடித்துச் சென்றது. கரையோர மக்கள் பலர் உள்ளே நகர்த்தப்பட்டனர். வெளியைப் பற்றிய அழகியல் பேச்சு நம் மண்ணில் காணி பற்றிய பேச்சிலிருந்து பிரிந்து நிற்க முடியாது.

நடுவர் மேசையும் கைபேசியும்

இன்று இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் அணியமைப்பைத் தீர்மானிக்கும் பெரிய சக்தி அண்ணாவியாரும் அல்ல, பல்கலைக்கழகமும் அல்ல. அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டி போன்ற பாடசாலைப் போட்டிகள்தான். குழு நடனம், நாட்டிய நாடகம், நாட்டுக்கூத்து எல்லாம் வலயம், மாகாணம், தேசியம் எனப் படியேறுகின்றன. இப்போட்டிகள் இல்லையென்றால் பல பாடசாலைகளில் ஆட்டமே இருந்திராது. அந்த நன்மை பெரிது. ஆனால் நடுவர்கள் முன்னே வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். புள்ளி போடும் கண் ஒரு திசையில் இருக்கும்போது ஆசிரியர் வேறு எப்படி அமைப்பார்? உயரமான பிள்ளைகள் பின்னால், திறமைசாலி நடுவில், இரு பக்கமும் சமச்சீர், முடிவில் முக்கோணமாக நின்று உறைதல். நாட்டுக்கூத்துக்கூட அந்தச் சட்டகத்துக்குள்தான் ஆடப்படுகிறது. சமச்சீர் தவறானதல்ல; எப்போதும் சமச்சீராக இருப்பதுதான் சலிப்பு. நடுவிலிருப்பவள் எப்போதும் ஒருத்தியாகவே இருந்தால், பின்வரிசைப் பிள்ளை ஆட்டத்தைக் கற்பதில்லை. நிறைப்பதை மட்டுமே கற்கிறாள்.

தொழில்நுட்பமும் வெளியை ஆள்கிறது. ஒலிவாங்கி வந்தபின் கூத்தர் அதன் அருகே வந்து பாடவேண்டியதாயிற்று; சுழல வேண்டிய கால் ஓரிடத்தில் கட்டுண்டது. உடலில் பொருத்தும் சிறு ஒலிவாங்கிகள் அந்தக் கட்டை அவிழ்க்கக்கூடியவை. கைபேசி இன்னொரு கட்டைப் போட்டிருக்கிறது. நெட்டாக நிற்கும் அதன் திரைக்குள் இரண்டு மூன்று பேருக்கு மேல் அடங்குவதில்லை. அந்தத் திரைக்கென ஆடிப் பழகும் பிள்ளைக்கு வெளி என்பது முன்னும் பின்னுமாக ஓரிரு அடிகளாகச் சுருங்குகிறது. அசைவு கையிலும் முகத்திலும் ஒடுங்குகிறது. களரி, மேடை, திரை என்று நிலம் மாற மாற, உடலின் எந்தப் பகுதி பேச அழைக்கப்படுகிறது என்பதும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

செய்யத்தக்கவை

மேற்கண்ட பரிசீலனையிலிருந்து நடன ஆசிரியர்களுக்கும் நெறியாளர்களுக்கும் சில நடைமுறை முடிபுகள் கிடைக்கின்றன.

முதலாவது, நிலத்தை முதலில் பார்ப்பது. கோயில் வீதியில் ஆடப்போகும் ஆட்டத்தை மண்டபத்துக்கு அமைப்பதும், மண்டபத்து ஆட்டத்தை மைதானத்தில் அப்படியே வைப்பதும் இரண்டையும் கெடுக்கும். பாதையில் ஆடுவதற்கு நகர்வும் நிறுத்தமும் வேண்டும். மணலில் தட்டடவின் ஓசை கேட்காது. அங்கே காலின் ஓசையை நம்பாமல் உடலின் உருவத்தையும் தூரத்தையும் நம்ப வேண்டும்.

இரண்டாவது, முதுகுக்கும் பக்கத்துக்கும் பயிற்சி. வாரத்தில் ஒரு வகுப்பையாவது பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, நாலு பக்கமும் ஆட்களை அமர்த்தி நடத்தலாம். முன்னாலிருக்கும் ஆசிரியரைப் பார்த்து ஆடிப் பழகிய உடல் அப்போதுதான் தன் பின்புறத்தை உணரும். எட்டுப் போடுதலும் பின்னல் கோலாட்டமும் இதற்குக் கைவசமுள்ள பாடங்கள். செலவு ஒரு கம்பமும் சில கயிறுகளும்.

மூன்றாவது, நடுவைச் சுழற்சியில் விடுவது. ஓர் ஆட்டத்துக்குள்ளேயே நடுவிடம் கைமாறட்டும். சில வேளை அது வெறுமையாகவே இருக்கட்டும். வெற்று நடுவைச் சுற்றி எட்டுப் பேர் நிற்பது, ஒருவரைச் சுற்றி ஏழு பேர் நிற்பதைவிடப் பலமுறை கூடுதலாகச் சொல்லும்.

நான்காவது, இசையை உள்ளே அழைப்பது. பதிவு செய்த இசைக்கு ஆடுவது தவிர்க்க முடியாத நிலைமை பல பாடசாலைகளில் உண்டு. முடிந்த இடத்தில் மத்தளக்காரரை மேடையோரத்திலிருந்து ஆடுவோர் நடுவே கொண்டுவந்து பார்க்கலாம். ஆட்டத்தின் அமைப்பே மாறுவது தெரியும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் சாம்பல்தீவுக்கு அருகே, அதே நிலாவெளி வீதியில்தான் இருக்கிறது. கொட்டியாரத்து அண்ணாவிமாரின் அறிவு ஒரு படகுப் பயண தூரத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைத்து ஆட்டப் பாதைகளை வரைபடமாகவும் காணொளியாகவும், களரியின் நாலு பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் பதிவு செய்வது இப்போதே தொடங்க வேண்டிய வேலை. பாட்டை நாம் அச்சில் காத்தோம், பாதையைக் காக்கவில்லை. மூத்த அண்ணாவியார் ஒருவர் மறையும்போது ஏடு மிஞ்சும், எங்கே எப்படித் திரும்புவது என்பது மிஞ்சாது.

கல்வி அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்மொழித் தினப் போட்டியின் நாட்டுக்கூத்துப் பிரிவையாவது மேடையிலிருந்து இறக்கி, பாடசாலை மைதானத்தில் வட்டக்களரியில் நடத்துங்கள். நடுவர்களைச் சுற்றிவர நாலு பக்கமும் அமர்த்துங்கள். இதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. சில கம்புகளும் விளக்குகளும் போதும். ஒரு மாகாணம் செய்து காட்டினால் போதும், அடுத்த ஆண்டே பிள்ளைகளின் அணியமைப்பு மாறத் தொடங்கும்.